நாராவில் ஒரு நாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பான் பயணத்துக்குப் பட்டியல் போடுகிறவர்கள் டோக்கியோ, கியோட்டோ, ஒசாகா என்று எழுதிவிட்டுக் கடைசியில் "நாரா, அரை நாள்" என்று சேர்ப்பது வழக்கம். அந்தக் கடைசி வரியைப் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளும் அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களும் இவை. ரயில் கட்டணம், நுழைவுச்சீட்டு விலை எல்லாம் அவ்வப்போது ஏறுகின்றன. கிளம்புமுன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கியோட்டோவிலிருந்து அரை நாள் போய்வந்தால் போதாதா?

மானுக்கு பிஸ்கட் போட்டு, பெரிய புத்தரைப் பார்த்துவிட்டு ஓடிவர அரை நாள் போதும். ஆனால் எல்லாரும் தேர்ந்தெடுப்பது அதே அரை நாள்தான். காலை பத்து மணிக்கு மேல் டூரிஸ்ட் பஸ்கள் வரிசையாக வந்து நிற்கும். மாலை நான்கு மணிக்குள் பெரும்பாலானவை கிளம்பிவிடும். எட்டு மணிக்கே வந்துவிடுகிறவரும் இருட்டும்வரை இருக்கிறவரும் பார்க்கும் ஊர் வேறு. ஆகவே என் பதில்: முழு நாள் கொடுங்கள். முடிந்தால் ஒரு இரவு தங்குங்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. கியோட்டோவில் ஒரு கோயிலுக்கும் அடுத்ததற்கும் நடுவே பஸ்ஸிலேயே பாதி நாள் போய்விடும். நாராவில் முக்கியமானவை எல்லாம் ஊரின் கிழக்குப் பக்கம், மலையடிவாரத்தில், நடந்து போகிற தூரத்தில் இருக்கின்றன. அதற்கு வரலாறுதான் காரணம். 710-இல் ஹெய்ஜோ-கியோ என்ற பெயரில் இங்கே தலைநகரம் எழுந்தது. 784-இல் அரசவை இடம் மாறியது. பத்து ஆண்டு கழித்து கியோட்டோ தலைநகரமானது. பெரிய கோயில்களோ மூட்டை கட்டவில்லை. அரண்மனை இருந்த மேற்குப் பகுதி வயலாகிவிட, கோயில்கள் இருந்த கிழக்கு ஓரத்தைச் சுற்றியே ஊர் பிழைத்துக்கொண்டது. இன்றைய நாரா என்பது அந்த ஓரம்தான்.

எப்படிப் போவது? எந்த ஸ்டேஷனில் இறங்குவது?

கின்டெட்சு, ஜே.ஆர். (ஜப்பான் ரயில்வே) என்று இரண்டு ரயில் நிறுவனங்கள், இரண்டு ஸ்டேஷன்கள். கின்டெட்சு நாரா ஸ்டேஷன், மான்கள் திரியும் நாரா பூங்காவின் வாசலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஜே.ஆர். நாரா ஸ்டேஷனிலிருந்து அங்கே வரவே பதினைந்து நிமிடம் கூடுதலாக நடக்க வேண்டும். கியோட்டோவிலிருந்து கின்டெட்சுவின் சிறப்பு விரைவு வண்டியில் சுமார் 35 நிமிடம். அதற்கு இருக்கைக் கட்டணம் தனி. சாதாரண விரைவு வண்டியில் முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலாகும். ஒசாகா நம்பாவிலிருந்தும் கின்டெட்சுவில் நாற்பது நிமிடத்துக்குள் வந்துவிடலாம்.

ஜே.ஆர். பாஸ் கையில் இருந்தால் அது கின்டெட்சுவில் செல்லாது. அப்போது கியோட்டோவிலிருந்து ஜே.ஆரின் மியாகோஜி விரைவு வண்டியில் வாருங்கள். அதுவும் 45 நிமிடம்தான். பாஸ் இல்லாதவர்கள் யோசிக்காமல் கின்டெட்சுவைப் பிடிக்கலாம். பெட்டிகளை ஸ்டேஷன் லாக்கரில் போட்டுவிடுங்கள். பூங்காவுக்குள் சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு மானிடம் மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். சிரிப்புதான் வரும், அவர்களுக்கு அல்ல.

எந்த வரிசையில் பார்ப்பது?

நான் சொல்லும் வரிசை: காலையில் முதல் ஆளாக, பெரிய புத்தர் இருக்கும் தோதாய்ஜி கோயில். அங்கிருந்து வகாகுசா குன்றின் அடிவாரமாகத் தெற்கே நடந்து கசுகா தைஷா என்ற கோயில். பிறகு காட்டுப்பாதை வழியாக இறங்கி, பழைய வணிகர் குடியிருப்பான நாராமாச்சியில் மதியச் சாப்பாடு. வெயில் உறைக்கும் நேரத்தில் கோஃபுகுஜி கோயிலின் அருங்காட்சியகம். கடைசியாக மறுபடியும் மேலேறி, சூரியன் மறையும் நேரத்துக்கு, தோதாய்ஜியின் மேட்டுக் கூடமான நிகட்சுதோ. எட்டு முதல் பத்து கிலோமீட்டர் நடை வரும். பழகிய செருப்போ ஷூவோ போட்டுக்கொள்ளுங்கள், புதுசு வேண்டாம்.

தோதாய்ஜியின் பெருங்கூடம் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை காலை 7:30-க்கும் மற்ற மாதங்களில் 8:00-க்கும் திறக்கிறது. கியோட்டோவில் தங்கியிருந்தாலும் ஆறரை மணி வண்டியைப் பிடித்தால் திறக்கும் நேரத்துக்குப் போய்ச் சேரலாம். ஹோட்டல் காலைச் சாப்பாட்டை ஒருநாள் தியாகம் செய்ய வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

மான் கடிக்குமா?

கடிக்கும். பெரிதாக ஒன்றும் ஆகாது. ஆனால் கையில் பிஸ்கட்டை வைத்துக்கொண்டு போட்டோவுக்காக ஆட்டம் காட்டினால் இடுப்பிலோ பின்பக்கத்திலோ ஒரு கடி நிச்சயம். சட்டை நுனி, கைப்பை, கையிலிருக்கும் வரைபடம் எதையும் விடாது.

பூங்காவிலும் சுற்றுப்புறத்திலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மான்கள் சுதந்திரமாகத் திரிகின்றன. யாருடைய வளர்ப்பும் இல்லை, காட்டு விலங்குகள். கசுகா தைஷாவின் தெய்வங்களில் ஒருவரான தகேமிகாசுச்சி, கிழக்கே காஷிமாவிலிருந்து வெள்ளை மான் மேல் ஏறி இங்கே வந்தார் என்பது தலபுராணம். அதனால் இவை தெய்வத்தின் தூதர்கள். 1957-இல் தேசிய இயற்கைச் சின்னமாக அறிவித்து அரசும் பாதுகாப்புக் கொடுத்துவிட்டது.

பூங்கா முழுக்க விற்கும் 'ஷிகா செம்பே' என்பது அரிசித் தவிடும் மாவும் சேர்த்துச் சுட்ட வட்ட பிஸ்கட். சர்க்கரை கிடையாது. ஒரு கட்டு 200 யென். கட்டைச் சுற்றியிருக்கும் காகிதப் பட்டையையும் மான் தின்றுவிடும் என்று தெரிந்தே, தின்றாலும் கெடுதல் இல்லாத காகிதத்தில் செய்திருக்கிறார்கள். கட்டு வாங்கியதும் மான் தலையைத் தாழ்த்தி வணக்கம் போடும். நீங்களும் தலையைத் தாழ்த்தி உடனே ஒரு பிஸ்கட்டைக் கொடுத்துவிடுங்கள். தீர்ந்ததும் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினால் போய்விடும். வண்டியில் குவித்து வைத்து விற்கும் பாட்டியம்மாவிடம் மட்டும் இந்த மான்கள் வாலாட்டுவதில்லை. யாரிடம் வேலைக்காகும் என்று அவற்றுக்குத் தெரியும்.

இரண்டு விஷயத்தில் கவனமாக இருங்கள். செப்டம்பர் முதல் நவம்பர் வரை இனச்சேர்க்கைக் காலம். கொம்புள்ள ஆண்மான்களுக்குக் கிட்டே குழந்தைகளை விடாதீர்கள். மே முதல் ஜூலை வரை குட்டிக் காலம்; குட்டியைத் தொட்டால் தாய் முட்ட வரும். அப்புறம், பிளாஸ்டிக். 2019-இல் இறந்த ஒரு மானின் வயிற்றிலிருந்து நான்கு கிலோவுக்கும் அதிகமான பிளாஸ்டிக் குப்பையை எடுத்தார்கள். பூங்காவில் குப்பைத்தொட்டி தேடினாலும் கிடைப்பது கடினம். உங்கள் குப்பை உங்கள் பைக்குள்ளேயே இருக்கட்டும். சிப்ஸ், ரொட்டி எதையும் மானுக்கு நீட்ட வேண்டாம்.

பெரிய புத்தரைப் படத்தில் பார்த்தாயிற்று. நேரில் என்ன விசேஷம்?

முதலில் கொஞ்சம் கதை. எட்டாம் நூற்றாண்டின் முப்பதுகளில் பெரியம்மை ஜப்பானை வாரிக்கொண்டு போனது. அரசவையின் பெருந்தலைகளும் தப்பவில்லை. அந்த அதிர்ச்சிக்குப் பிறகுதான் சக்கரவர்த்தி ஷோமு 743-இல் வைரோசன புத்தருக்கு வெண்கலச் சிலை எடுக்க ஆணையிட்டார். உயரம் ஏறத்தாழ 15 மீட்டர், உட்கார்ந்த நிலையில். சிலைக்கே நாட்டின் செம்பெல்லாம் போய்ச் சேர்ந்தது என்று சொல்வார்கள்.

சிலையும் கூடமும் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. 855-இல் நிலநடுக்கத்தில் தலை கழன்று விழுந்தது. 1180-இல் தாய்ரா குலத்துப் படை நாராவைக் கொளுத்தியபோது கூடம் எரிந்தது. மறுபடி கட்டியதை 1567-இல் நடந்த சண்டை மறுபடி எரித்தது. அதன் பிறகு ஒரு நூற்றாண்டுக்கு மேல் புத்தர் பெரும்பாலும் வெயிலிலும் மழையிலும்தான் உட்கார்ந்திருந்தார். கோகெய் என்ற துறவி ஊர் ஊராகப் போய்த் திரட்டிய பணத்தில் 1692-இல் சிலை சீரானது. 1709-இல் இப்போதிருக்கும் கூடம் எழுந்தது. நீங்கள் பார்க்கும் தலை பதினேழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. உடம்பில் பல காலத்து ஒட்டுவேலை உண்டு. முதல் காலத்து வெண்கலம் மிச்சமிருப்பது தாமரைப் பீடத்தின் இதழ்களிலும் இன்னும் சில பகுதிகளிலும்தான். அந்த இதழ்களில் புத்த உலகங்களைக் கோட்டோவியமாகக் கீறியிருக்கிறார்கள். உள்ளே சுற்றி வரும்போது ஒரு இதழின் மாதிரியைக் கண்ணெதிரே வைத்திருப்பார்கள். எல்லாரும் புத்தரின் முகத்தையே அண்ணாந்து பார்ப்பதால் அங்கே கூட்டம் இருக்காது.

கூடம் 57 மீட்டர் அகலம். பழைய கூடம் கிட்டத்தட்ட 86 மீட்டர். பணமும் மரமும் போதாமல் சுருக்கியதே இந்த அளவு! கூரையைத் தாங்கும் இரண்டு பெரிய உத்திரங்களுக்கான பைன் மரங்களை நாட்டின் தெற்கிலுள்ள கியூஷூ தீவின் கிரிஷிமா மலைப்பகுதியிலிருந்து இழுத்துவந்தார்கள். ஒவ்வொன்றும் 23 மீட்டர் நீளம்.

புத்தருக்கு முன்னால் பெரிய வெண்கலப் பூச்சாடிகள் இருக்கின்றன. சாடியின் தோளில் உட்கார்ந்திருக்கும் வண்ணத்துப்பூச்சியின் கால்களை எண்ணிப் பாருங்கள். எட்டு இருக்கும். ஏன் எட்டு என்பதற்கு வழிகாட்டிகள் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். எனக்கு அந்தக் கதைகளைவிட அந்தப் பூச்சியைப் பிடிக்கும்.

கூடத்துக்குள் போகுமுன் வெளியே, நடுப்பாதையில் நிற்கும் எண்கோண வெண்கல விளக்கையும் தாண்டிப் போய்விடாதீர்கள். சங்கீதம் வாசிக்கும் போதிசத்துவர்கள் அதன் பலகைகளில் இருக்கிறார்கள். இரண்டு பெருந்தீயையும் கடந்து எட்டாம் நூற்றாண்டிலிருந்து அதே இடத்தில் நிற்கும் விளக்கு அது. செல்ஃபிக்கு நல்ல பின்னணி என்பதைத் தாண்டி அதை யாரும் சட்டை செய்வதில்லை.

அதற்கும் முன்னால், நந்தைமோன் என்னும் தெற்கு வாசல். உள்ளே இருபுறமும் எட்டு மீட்டருக்கும் உயரமான இரண்டு மரக் காவலர்கள். உன்கெய், கைகெய் என்ற சிற்பிகளும் அவர்கள் பட்டறையும் 1203-இல் 69 நாளில் செதுக்கி முடித்தவை. ஒருவர் வாய் திறந்திருக்கும், மற்றவர் வாய் மூடியிருக்கும். முன்னால் கம்பிவலை இருப்பதால் போட்டோ சரியாக வராது. கொஞ்ச நேரம் கண்ணால் பாருங்கள்.

இந்தியத் துறவி ஒருவர்தான் இந்தப் புத்தருக்குக் கண் திறந்தாராமே, உண்மையா?

உண்மை. பெயர் போதிசேனர். ஜப்பானியப் பதிவுகள் அவரைத் தென்னிந்தியப் பிராமணர் என்றே குறிப்பிடுகின்றன. சீனாவில் இருந்தவர், 736-இல் சீனத் துறவி ஒருவருடனும், இன்றைய வியட்நாமிலிருந்த சம்பா நாட்டுத் துறவி ஒருவருடனும் கடல் கடந்து ஜப்பான் வந்து சேர்ந்தார். நாராவில் தாய்அன்ஜி கோயிலில் தங்கினார். 752-இல் பெரிய புத்தரின் கண் திறப்புச் சடங்கை நடத்தும் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. நம் ஊரில் சிற்பி கடைசியாகச் சிலைக்குக் கண் திறப்பது போல, அங்கே அவர் தூரிகையால் கருவிழி தீட்டினார். தூரிகையில் நீளமான நூல் கட்டி, கூடியிருந்தவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். புண்ணியத்தில் எல்லாருக்கும் பங்கு.

அந்தத் தூரிகையும் நூலும் இன்றும் இருக்கின்றன. பெருங்கூடத்துக்குப் பின்னாலுள்ள ஷோசோயின் என்ற மரக் களஞ்சியத்தின் பொருள்களில் அவையும் சேர்த்தி. சக்கரவர்த்தி ஷோமு இறந்ததும் அவருடைய பொருள்களை அரசி கோம்யோ கோயிலுக்குக் கொடுத்ததில் தொடங்கியது அந்தச் சேமிப்பு. பாரசீகக் கண்ணாடிக் கிண்ணத்திலிருந்து ஒட்டகச் சித்திரம் பதித்த ஐந்து நரம்பு வீணை வரை அதில் உண்டு. ஆண்டு முழுதும் பூட்டியிருக்கும். அக்டோபர் கடைசியிலிருந்து இரண்டு வாரம் போல நாரா தேசிய அருங்காட்சியகத்தில் ஒரு பகுதியை மட்டும் காட்சிக்கு வைப்பார்கள். அதற்கு முன்பதிவு அவசியம்.

போதிசேனர் மதுரைக்காரர், காஞ்சிக்காரர் என்றெல்லாம் வாட்ஸ்அப்பில் வருவதைக் கேட்கிறீர்கள். தென்னிந்தியர் என்பதோடு நிறுத்திக்கொள்வதே மரியாதை. அதற்கு மேல் ஊர், தெரு வரை இழுத்துக்கொண்டு போவதில் எனக்கு உடன்பாடில்லை. 760-இல் அவர் காலமானார், ஊர் திரும்பவில்லை.

தூணில் இருக்கும் ஓட்டைக்குள் நுழைந்தால் மோட்சமாமே?

புத்தரின் பின்பக்கத் தூண் ஒன்றின் அடியில் சதுர ஓட்டை இருக்கிறது. புத்தரின் மூக்குத் துவார அளவு என்பார்கள். நுழைந்து வந்தால் புண்ணியம். குழந்தைகள் வழுக்கிக்கொண்டு போய்விடுவார்கள். பெரியவர்கள் தோளை யோசித்து முடிவெடுக்கவும். நடுவில் மாட்டிக்கொண்டால் வரிசையே கைகொட்டி உற்சாகப்படுத்தும்.

கூடத்து வாசலில் சிவப்புத் துணி போர்த்திய மரச்சிலை யார்?

பிண்டோலர், புத்தரின் சீடர்களில் ஒருவர். ஜப்பானில் பின்சுரு. நோய் தீர்ப்பவர் என்று நம்பிக்கை. உங்களுக்கு முழங்கால் வலி என்றால் அவர் முழங்காலைத் தடவி, பிறகு உங்கள் முழங்காலைத் தடவிக்கொள்ள வேண்டும்.

நிகட்சுதோவில் அப்படி என்ன இருக்கிறது? பட்டியல்களில் அதிகம் வருவதில்லையே?

அதனால்தான் சொல்கிறேன். பெருங்கூடத்துக்குக் கிழக்கே, மேட்டில், தூண்கள் மேல் மாடம் வைத்துக் கட்டிய கூடம். நுழைவுச்சீட்டு கிடையாது, பூட்டும் நேரமும் கிடையாது. மாடத்தில் நின்றால் பெருங்கூடத்தின் கூரையும் அதற்கு அப்பால் நாரா சமவெளியும் இகோமா மலையும் தெரியும். பின்பக்கமாக, கல் பதித்த படிப்பாதையில் மண் சுவர்களுக்கு நடுவே ஏறிப் போனால் அந்த நடையே ஒரு சுகம்.

உள்ளே பதினொரு முக அவலோகிதேசுவரரின் இரண்டு சிலைகள் உண்டு. யாருக்கும் காட்டுவதில்லை; கோயில் துறவிகளே பார்த்ததில்லை. 752-இலிருந்து ஒரே ஒரு ஆண்டுகூட விட்டுப்போகாமல் இங்கே நடந்துவரும் விழா ஷுனிஎ. இப்போது மார்ச் 1 முதல் 14 வரை. பதினொரு துறவிகள் ஊரின் பாவங்களுக்காக இரவிரவாக மன்னிப்புக் கேட்கிறார்கள். ஒவ்வொரு இரவும் அவர்களுடைய உதவியாளர்கள் பெரிய மூங்கில் தீப்பந்தங்களை இதே மாடத்தில் சுழற்றிக்கொண்டு ஓடுவார்கள். தீப்பொறி கீழே நிற்பவர்கள் தலைமேல் கொட்டும். கருகிய குச்சியை வீட்டுக்கு எடுத்துப் போனால் நல்லது என்று பொறுக்குவார்கள். 12-ஆம் தேதி நள்ளிரவு கடந்து, அடிவாரத்துக் கிணற்றிலிருந்து புனித நீர் எடுப்பார்கள். மரக்கட்டிடத்தின் மேல் இவ்வளவு நெருப்பா என்று கேட்கத் தோன்றும். 1667-இல் இந்த விழாவின்போதே கூடம் எரிந்தது. இரண்டே ஆண்டில் மறுபடி கட்டினார்கள். நிகழ்ச்சி நிற்கவில்லை.

மார்ச்சில் போகாதவர்களுக்கும் இந்த இடம் மாலை நேரத்துக்கு ஏற்றது. ஒரு நாள் பயணத்தில் எதையாவது வெட்ட வேண்டுமென்றால் வேறெதை வேண்டுமானாலும் வெட்டுங்கள்.

கசுகா தைஷா?

768-இல் ஃபுஜிவாரா குலத்தார் நிறுவிய, ஜப்பானின் பூர்விக மதமான ஷின்டோவின் கோயில். சிவப்புத் தூண்களைவிட விளக்குகளுக்குப் பேர்போனது. பாசி படிந்த கல்விளக்குகள் சுமார் 2,000, கூரையிலிருந்து தொங்கும் வெண்கல விளக்குகள் சுமார் 1,000. பிப்ரவரி 3-ஆம் தேதி வாக்கிலும் ஆகஸ்ட் 14, 15 இரவுகளிலும் அத்தனையையும் ஏற்றுவார்கள். மற்ற நாள்களில் உள்ளே இருட்டறை ஒன்றில் சில விளக்குகளை ஏற்றி வைத்திருக்கிறார்கள். அதைக் கேட்டுப் பாருங்கள். கல்விளக்குகளில் 'கசுகா தாய்ம்யோஜின்' என்று பொறித்தவை மிகக் குறைவு. ஒரே இரவில் அவற்றில் மூன்றைக் கண்டுபிடித்தால் கோடீஸ்வரன் ஆகலாமாம். ஜப்பானிய எழுத்து தெரியாதவர்களுக்கு அந்த வழியும் அடைபட்டது.

கோயிலின் பின்னாலிருக்கும் காட்டில் 841-ஆம் ஆண்டிலிருந்து வேட்டைக்கும் மரம் வெட்டுவதற்கும் தடை. கோயிலிலிருந்து தெற்கே தகபதகே பக்கம் இறங்கும் 'கிசுகிசுப் பாதை' அந்த மர நிழலில் போகிறது. நாராமாச்சிக்கு நடக்க இதுவே நல்ல வழி.

கோஃபுகுஜியின் ஐந்தடுக்குக் கோபுரம் மூடிக்கிடக்கிறதாமே? போவது வீணா?

1426-இல் கட்டிய கோபுரம் அது. ஐம்பது மீட்டர் உயரம். பெரிய அளவில் பழுதுபார்க்கிறார்கள். 2030-களின் முற்பகுதி வரை வேலை நீளும், அதுவரை சாரத்துக்குள்தான். ஆனால் கோஃபுகுஜிக்குப் போவதே தேசியப் பொக்கிஷக் கூடத்துக்காக. அங்கே இருக்கிறார் அசுரர்.

734-இல் செய்த சிலை. மூன்று முகம், ஆறு கை, 153 சென்டிமீட்டர் உயரம். அசுரர் என்றதும் நமக்கு மீசையும் கோரைப்பல்லும் ஞாபகம் வரும். இவர் முகமோ ஒரு பையனுடையது. புருவத்தைச் சற்றே சுருக்கி, எதையோ நினைத்து வருந்துகிற முகம். மெலிந்த கைகள். களிமண் உருவத்தின் மேல் அரக்கில் தோய்த்த சணல் துணியை அடுக்கடுக்காக ஒட்டி, காய்ந்ததும் உள்ளிருக்கும் மண்ணை எடுத்துவிடுவார்கள். உள்ளே கூடு. எடை மிகக் குறைவு. அதனால்தான் தீப்பற்றும் போதெல்லாம் துறவிகள் தூக்கிக்கொண்டு ஓட முடிந்தது. பக்கத்திலேயே கருடன் பறவை மூக்கோடும் கவசத்தோடும் நிற்கிறார், கந்தர்வர் சிங்கத்தலைத் தொப்பியோடு நிற்கிறார். தெரிந்த பெயர்கள், தெரியாத முகங்கள். நம் ஊர்க்காரர்கள் இங்கே அரை மணி நேரம் கூடுதலாக ஒதுக்க வேண்டும். படம் எடுக்க அனுமதி இல்லை.

1868-க்குப் பிறகு அரசு புத்தத்தையும் ஷின்டோவையும் பிரித்தபோது இந்தக் கோயில் கிட்டத்தட்ட அழிந்தது. துறவிகள் கசுகாவின் பூசாரிகளானார்கள், மதில் இடிந்தது. கோபுரத்தையே சொற்ப விலைக்கு விற்கப் பார்த்தார்கள் என்று ஒரு கதை உண்டு. கோயிலுக்கும் பூங்காவுக்கும் நடுவே சுவர் இல்லாமல் மான்கள் வந்துபோவது அந்த அழிவின் மிச்சம்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு என்ன கிடைக்கும்?

கொஞ்சம் தேட வேண்டும். காய்கறி மட்டும்தான் என்று சொன்னாலும் சாற்றில் 'தஷி' இருக்கும். அது பெரும்பாலும் உலர்ந்த மீனில் எடுத்தது. "நிகு மோ சகானா மோ தபேமாசென்" என்றால் இறைச்சியும் சாப்பிடமாட்டேன், மீனும் சாப்பிடமாட்டேன் என்று அர்த்தம். கூடவே "தஷி" என்று சொல்லிக் கையை ஆட்டிவிடுங்கள், புரியும்.

தைரியமாகச் சாப்பிடக்கூடியது யோமொகி மோச்சி, மூலிகை இலை சேர்த்து இடித்த அரிசி இனிப்பு. கின்டெட்சு ஸ்டேஷனிலிருந்து நாராமாச்சி போகும் வழியிலுள்ள நகதானிதோ கடையில் இரண்டு பேர் உரலுக்கு எதிரெதிரே நின்று கத்திக்கொண்டே மின்னல் வேகத்தில் இடிப்பார்கள். ஒருவர் உலக்கையைத் தூக்கும் இடைவெளியில் மற்றவர் கையை விட்டு மாவைப் புரட்டுவார். பச்சை நிற மோச்சி, உள்ளே சிவப்புப் பயறு இனிப்பு, மேலே வறுத்த சோயா மாவு. சூடாக வாங்கி நின்றபடியே சாப்பிட வேண்டியது. பச்சையரிசி மாவும் பயறும் பழகிய நாக்கு உடனே ஒப்புக்கொள்ளும்.

மீன் சாப்பிடுகிறவர்கள் காகினோஹா-சூஷி கேளுங்கள். கானாங்கெளுத்தி வைத்த சோற்றுக்கட்டியை சீமைப்பனிச்சை மர இலையில் பொதிந்து அழுத்தியது. கடலில்லாத நாட்டுப்புறத்துக்கு உப்பிட்ட மீன் மலையேறி வந்த காலத்து உணவு. இலையைத் தின்ன வேண்டாம். தேயிலைச் சாற்றில் காய்ச்சும் கஞ்சி 'சா-கயு' இந்த ஊர்க் காலையுணவு. நாராசுகே என்னும் ஊறுகாய் சாக்கே மதுவின் சக்கையில் ஊறியது. மதுவைத் தொடாதவர்கள் தவிர்க்கலாம்.

நாராமாச்சியில் எவ்வளவு நேரம்?

ஒன்றரை மணி நேரம். கங்கோஜி கோயிலைச் சுற்றி வளர்ந்த வணிகர் குடியிருப்பு. குறுகிய முகப்பும் நீண்ட உள்கட்டும் கொண்ட பழைய வீடுகள். கூரை ஓரத்தில் சின்னச் சிவப்புத் துணி உருண்டைகள் தொங்கும். அவை குரங்குகள், வீட்டாருக்கு வரும் கஷ்டத்தைத் தாங்கள் வாங்கிக்கொள்ளும். வீட்டில் எத்தனை பேரோ அத்தனை தொங்கவிடுவது வழக்கம். கடைகள் ஐந்து மணிக்குள் மூடிவிடும், திங்கட்கிழமை பலவும் விடுமுறை.

எந்த மாதம் நல்லது?

ஏப்ரல் முதல் வாரமும் நவம்பர் நடுவிலிருந்து கடைசி வரையும் அழகு, கூட்டமும் அப்போதுதான். என்னைக் கேட்டால் பிப்ரவரி. குளிரும், ஆனால் வழியெல்லாம் உங்களுக்குத்தான். ஜூலை, ஆகஸ்ட் வெயில் சென்னைக்காரரையே அசர வைக்கும், புழுக்கத்தில் சளைத்ததல்ல.

செலவு எவ்வளவு ஆகும்?

நிகட்சுதோவும் பூங்காவும் இலவசம். காசு கேட்கும் இடங்களில் சுமார் 500 முதல் 1,000 யென் வரை. ரயில், சாப்பாடு, நுழைவுச்சீட்டு, மான் பிஸ்கட் எல்லாம் சேர்த்து ஆளுக்கு ஆறாயிரம், ஏழாயிரம் யென் எடுத்துவைத்தால் தாராளம். சில்லறை நாணயம் வைத்திருங்கள். பிஸ்கட்காரரிடம் கார்டை நீட்டுவது சரிப்படாது.

வயதான அம்மா அப்பாவோடு போனால்?

தோதாய்ஜி, கோஃபுகுஜி இரண்டும் பெரும்பாலும் சமதளம். கசுகாவின் பாதை நீளம், சரளைக்கல். அதன் அருகே வரை பஸ் போகிறது, அதில் போய் இறங்குங்கள். நிகட்சுதோவுக்குப் படி உண்டு. முட்டிவலிக்காரர்களை மதியத்துக்குப் பின் ஓய்வெடுக்க வைத்து, மாலையில் ஒரு டாக்ஸி பிடித்து மேட்டின் அருகே இறக்கிவிடலாம். குழந்தை வண்டியில் சாப்பாட்டுப் பையைத் தொங்கவிடாதீர்கள், மான்.

மழை பெய்தால்?

கிளம்புங்கள். பெருங்கூடம், பொக்கிஷக் கூடம், தேசிய அருங்காட்சியகம் மூன்றும் உள்ளரங்கம். பாசி படிந்த விளக்குகளுக்கு மழை நாள்தான் பொருத்தம். மான்களும் வாசல் கூரைகளுக்கு அடியில் ஒதுங்கி நிற்கும்.

ஹொரியூஜி, தோஷோதாய்ஜி, யாகுஷிஜி கோயில்கள் எல்லாவற்றையும் அதே நாளில் சேர்க்க முடியுமா?

முடியும், எதுவும் மனதில் நிற்காது. தோஷோதாய்ஜியும் யாகுஷிஜியும் ஊரின் மேற்கே, நிஷினோக்யோ ஸ்டேஷன் பக்கம், ஒன்றுக்கொன்று பத்து நிமிட நடை. சீனத்து கன்ஜின் துறவி ஐந்து முறை கடலில் தோற்று, பார்வை போன பிறகும் 753-இல் வந்து சேர்ந்து, 759-இல் நிறுவியது தோஷோதாய்ஜி. அதன் மூலக்கூடம் எட்டாம் நூற்றாண்டுக் கட்டிடமாகவே நிற்கிறது. ஹொரியூஜி இன்னும் தள்ளி, இகருகா ஊரில். உலகில் நிற்கும் மிகப் பழைய மரக் கட்டிடங்கள் அங்கேதான். ஜே.ஆர். நாராவிலிருந்து பன்னிரண்டு நிமிட ரயில், பிறகு இருபது நிமிட நடை. இரவு தங்குகிறவர்கள் மறுநாள் காலையில் ஹொரியூஜியையும் மதியத்துக்கு மேல் நிஷினோக்யோவையும் வைத்துக்கொண்டு, மாலையில் அங்கிருந்தே கியோட்டோவுக்கோ ஒசாகாவுக்கோ ரயிலேறலாம்.